கேட்கும் கலைக்கு ஐந்து புள்ளி

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஸ்ரீவத்ஸனின் பெயர்ப் பலகையைத் தெரியாத ஆட்டோக்காரர் கிடையாது. "அந்த நீள போர்டுக்கிட்ட நிறுத்துங்க" என்றால் போதும், சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பலகையில் பெயர் சின்னதாகத்தான் இருக்கும். பெயருக்குப் பின்னால் வரும் பட்ட எழுத்துகள்தான் கடை அகலத்தைத் தாண்டி, பக்கத்து ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் மேல் வரை போயிருக்கும். அவர் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் வலி, முதுகுப் பிடிப்பு, தூக்க முடியாத தோள் என்று வருபவர்களைத் தட்டி, நீவி, மடக்கி, நல்லபடியாக அனுப்பி வைப்பார். கைராசிக்காரர் என்று பெயர். அதோடு விட்டிருந்தால் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் மனிதருக்குச் சான்றிதழ் வியாதி இருந்தது.

தாத்தா நன்னிலம் பக்கத்தில் வேலிக் கணக்கில் நிலம் சேர்த்தார். அப்பா அதை ஒவ்வொரு துண்டாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சேர்க்க வேறு ஒன்றும் மிச்சமில்லாததால் ஸ்ரீவத்ஸன் எழுத்துகளைச் சேர்த்தார். ஊசி வைத்தியத்தில் ஒன்று, யோகா சிகிச்சையில் ஒன்று, தசைக்கு வண்ண டேப் ஒட்டுவதில் ஒன்று. மனைவி மதுவந்தி கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். "இன்னும் ரெண்டு எழுத்து சேந்தா ஜெராக்ஸ் கடைக்காரர் உங்ககிட்ட வாடகை கேப்பார், பாத்துக்கோங்கோ" என்பாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கடைசியாகச் சேர்ந்த எழுத்துகள் விளையாட்டு ஊட்டச்சத்துக்கானவை. டில்லியில் ஒரு கழகம், விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் பிசியோ, பயிற்சியாளர், உணவு ஆலோசகர் எல்லாருக்கும் ஆன்லைனில் அந்தப் படிப்பை நடத்தியது. படித்துத் தேறியபின் ஆளை நிம்மதியாக விடமாட்டார்கள். தொடர்கல்வி என்று ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து புள்ளிகள் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எழுத்துகளைப் பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எழுத்தை எடுப்பது என்றால் பலகையில் வெள்ளை பெயின்ட் அடிப்பது. போகிற வருகிற ஆட்டோக்காரர் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். 

பத்துப் புள்ளிகளை வீடியோ பார்த்தே சேர்த்துவிட்டார். பார்த்தார் என்று சொல்வது மரியாதைக்காக. நோயாளியின் முழங்காலுக்கு மின்சாரம் வைத்துவிட்டு, மேசையில் கணினியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்வார். புரதமும் மாவுச்சத்தும் கிளி கத்துகிற மாதிரி காதில் விழுந்துகொண்டிருக்கும். ஆள் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்று பார்ப்பதற்காகத் திரையில் அவ்வப்போது ஒரு பொத்தான் எழும். 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். பாய்ந்துபோய் அழுத்திவிட்டால் இருப்பதாகக் கணக்கு. இப்படியே முட்டையின் வெள்ளைக் கருவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டார். முட்டையைக் கையால் தொட்டது கிடையாது.

மிச்சம் ஐந்து புள்ளி. அதை வீடியோ பார்த்து வாங்க முடியாது. உண்மையான ஒரு வீரரை எடுத்து, ஆறு வாரம் உணவு முறையை மாற்றி, என்ன நடந்தது என்று அறிக்கை அனுப்ப வேண்டும். வீரருக்கு எங்கே போவது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் பூதலூரிலிருந்து வைரக்கண்ணு போன் செய்தார்.

வைரக்கண்ணு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். ஊர்ப் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர். கணுக்கால் பிசகியவர்களை ரயிலேற்றி ஸ்ரீவத்ஸனிடம் அனுப்புவது வழக்கம். இந்தத் தடவை அவர் அனுப்பியவளுக்குக் காலில் ஒன்றும் இல்லை. பெயர் குந்தவை. இடது ஓரத்தில் நின்று ஆடுபவள். 'கபடி கபடி' என்று பாடி வருகிறவளின் கணுக்கால் அவள் கையில் சிக்கினால் கதவிடுக்கில் சிக்கிய விரல்தான், அலறாமல் வெளியே வராது. ஆனால் இரண்டாவது பாதியில் சோர்ந்துவிடுகிறாள்.

"தை கடைசில மாநில ஜூனியர் டீமுக்கு செலக்ஷன் சார். அவளுக்கு இதான் கடைசி வருஷம், இதத் தாண்டினா வயசு போயிடும். டீம்ல வந்துட்டான்னா போலீஸ்ல வெளையாட்டுக் கோட்டாவுல ஒரு வழி இருக்கு. அவங்க அப்பா குத்தகை நெலத்த வச்சுக்கிட்டு அல்லாடுறாரு," என்றார் வைரக்கண்ணு. "ஒண்ணே ஒண்ணு. எடை அறுபத்தஞ்சத் தாண்டக் கூடாது. இப்ப அறுபத்து நாலு. எடை ஏறாம தெம்பு மட்டும் ஏறணும்."

"கவலையே வேண்டாம். என்கிட்ட விட்டுடுங்கோ," என்றார் ஸ்ரீவத்ஸன். ஐந்து புள்ளி தானாக ரயிலேறி வருகிறது என்றால் யாருக்குத்தான் வாயெல்லாம் பல்லாக இருக்காது.

மார்கழி மாதத்து மத்தியானம் ஒன்றில் குந்தவை அம்மாவோடு வந்தாள். அம்மா பெயர் அமிர்தம். அன்றைக்கு ஸ்ரீவத்ஸனின் இடது காதில், ஆறு வார வேலையைத் தொடங்குமுன் முடித்தாக வேண்டிய பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைப்பு, 'கேட்கும் கலை: வீரரின் குரலுக்கு இடம் கொடுங்கள்'. அதை அவர் வலது காதால் இவர்களைக் கேட்டுக்கொண்டே கேட்டார்.

"காலையில என்ன சாப்பிடறே?" என்று குந்தவையைக் கேட்டார்.

குந்தவை வாயைத் திறந்தாள்.

"இட்லிங்க டாக்டர், இல்லன்னா தோசை," என்றாள் அமிர்தம். ஸ்ரீவத்ஸனை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் யாரையும் திருத்தியதில்லை.

"மத்தியானம்?"

"சோறுதாங்க. கொழம்பு, பொரியல் ஒண்ணு. ராவுக்கும் சோறுதான்."

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்டாப்புல தூங்குவா."

ஸ்ரீவத்ஸன் முன்பே அச்சடித்து வைத்திருந்த உணவு அட்டவணையை எடுத்து நீட்டினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் வெள்ளைக் கருவும். மத்தியானம் சுண்டல், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தயிர். இரவில் கேழ்வரகுக் கூழ், பால், பேரீச்சம்பழம். நல்ல அட்டவணைதான், குறை சொல்வதற்கில்லை. அதில் சோறு என்ற பேச்சே கிடையாது, அவ்வளவுதான். டெல்டாவில் சோறு இல்லாத ஒன்றைச் சாப்பாடு என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்பது டில்லிக் கழகத்துக்குத் தெரிய நியாயமில்லை. நன்னிலத்துப் பேரனுக்குத் தெரிந்திருக்கலாம்.

குந்தவை அட்டவணையை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் பொத்தான் எழுந்து, இருக்கிறீர்களா என்று கேட்டது. ஸ்ரீவத்ஸன் பாய்ந்து அழுத்தினார். திரும்பியபோது அமிர்தம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"இத சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கணுங்களா டாக்டர், பின்னாடியா?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லி வருகிறார். வலி மாத்திரையோடு வருகிற ஒவ்வொருவரும் கேட்பதுதான். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு எரியும். பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "பின்னாடிதாம்மா. எப்பவும் வயித்துக்கு ஏதாவது போட்டுட்டு, அப்புறமாத்தான்."

அமிர்தம் தலையாட்டினாள். பெண்ணும் அம்மாவும் எழுந்து போனார்கள். பாடம் முடிந்து பரீட்சை வந்தது. வீரர் உங்களிடம் பேச முயலும்போது நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்று முதல் கேள்வி. ஸ்ரீவத்ஸன் 'முழுக் கவனத்தோடு கேட்பது' என்பதைத் தேர்ந்தெடுத்தார். எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண்.

பூதலூரில் நடந்தது இதுதான். சம்பா அறுவடை ஆரம்பித்திருந்தது. வீட்டில் புது நெல், புது அரிசி, நடுவில் பொங்கல் வேறு. குந்தவை வழக்கம்போலக் காலையில் இட்லி தின்பாள். கை கழுவி வந்ததும் ஓட்ஸ் கஞ்சியும் வெள்ளைக் கருவும் முன்னால் வந்து உட்காரும். மத்தியானம் தட்டு நிறையச் சோறு தின்று முடித்ததும் கிழங்கும் சுண்டலும் வரும். ராத்திரிச் சோற்றுக்குப் பின்னால் கூழ், பால், பழம். அமிர்தம் இதில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். டாக்டர் சொன்னது. வேளை தப்பினால் மருந்து வேலை செய்யாது. முடியவில்லை என்று பெண் முகத்தைச் சுளித்தால், "மருந்த யாருடி ஆசையாத் திங்கிறா? கண்ண மூடிக்கிட்டு முழுங்கு" என்பாள். அறுப்புக் காலத்தில் ஒரு வேலை மிச்சமில்லாத வீட்டில், அவ்வளவையும் சமைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தாள் அந்த அம்மாள். அவள்மேல் குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஸ்ரீவத்ஸனும் சும்மா இருக்கவில்லை. வாரம் ஒருமுறை வீரரோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்று கழகம் சொல்லியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அமிர்தத்துக்குப் போன் செய்தார்.

"சார்ட்ட ஃபாலோ பண்றேளாம்மா?"

"ஒரு வேள விடல டாக்டர்."

"ஏதாவது பிரச்சினை?"

"வயிறு கல்லாட்டம் இருக்குங்குறா. ஓடுனா மூச்சு வாங்குதாம்."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். உடம்பு பழகிக்கும்."

அமிர்தம் வாட்ஸ்அப்பில் படங்களும் அனுப்பினாள். சுண்டல் கிண்ணம், கூழ்ச் சொம்பு, தட்டில் வரிசையாக வெள்ளைக் கரு. அதற்கு முன்னால் காலியான சோற்றுத் தட்டைப் படமெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஸ்ரீவத்ஸன் படங்களை அறிக்கையில் ஒட்டி, 'முழுமையான ஒத்துழைப்பு' என்று எழுதினார்.

ஒரே ஒரு ஆளுக்குச் சந்தேகம் வந்தது. பூதலூரில் வைரக்கண்ணு தன் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது நெல் கொள்முதல் நிலையத்தில். மூட்டை ஏறுகிற தராசில் பெண்கள் வரிசையாக ஏறி இறங்குவார்கள். "ஈரப்பதம் போக எவ்வளவு சார் போடட்டும்?" என்று சுமை தூக்குபவர்கள் கிண்டல் செய்வார்கள். பல வருடமாக அப்படித்தான் நடக்கிறது, ஒரு போட்டியிலும் எடை தவறியதில்லை.

"பொண்ணு கன்னம் கொஞ்சம் உப்புனாப்புல தெரியுது சார். ஒரு தடவ தராசுல ஏத்திப் பாத்துடவா?" என்று போனில் கேட்டார் வைரக்கண்ணு.

"அது தசை வைரக்கண்ணு, தசை. பயிற்சி நேரத்துல அடிக்கடி எடை பாத்தா அவா மனசு பாதிக்கும். இது ஆராய்ச்சில நிரூபிச்சது. நெல்லுக்குப் பண்றதையெல்லாம் மனுஷாளுக்குப் பண்ணாதீங்கோ."

ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு எதிரே வைரக்கண்ணு என்ன சொல்லுவார்? சரி சார் என்று வைத்துவிட்டார்.

தேர்வு நாள் காலையில் மைதானத்துக்கு ஸ்ரீவத்ஸன் சீக்கிரமே போய்விட்டார். அறிக்கைக்குக் கடைசிப் படம் ஒன்று வேண்டியிருந்தது, வீராங்கனையும் ஆலோசகரும் சேர்ந்து நிற்கிற மாதிரி. அதற்காகவே இஸ்திரி போட்ட சட்டை. குந்தவை எடை இயந்திரத்தில் ஏறினாள். எண் ஏறிக்கொண்டே போய் அறுபத்தெட்டில் நின்றது. இறங்கிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார்கள். அறுபத்தெட்டேதான்.

அதிகாரி இரக்கமுள்ளவர், ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார். வைரக்கண்ணு அங்கே இருந்தவர்களிடம் ஸ்வெட்டர்களை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்கு மாட்டி, வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். அறிவியலுக்கு விரோதமான காரியம் என்று ஸ்ரீவத்ஸனுக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல அன்றைக்கு அவருக்கே துணிச்சல் வரவில்லை. குந்தவை ஓடினாள். வியர்வையும் கண்ணீரும் எது எதுவென்று தெரியாமல் வழிய ஓடினாள். பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி ஏறியபோது முக்கால் கிலோ குறைந்திருந்தது. அது போதவில்லை. அவளுடைய இடது ஓரத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தி ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். குந்தவை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமிர்தம் மெல்ல ஸ்ரீவத்ஸனிடம் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"நான் எங்கயாச்சும் தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்? நீங்க சொன்னபடி வயிறு நெறைய சோத்தப் போட்டு, அதுக்குப் பின்னாடிதான் எல்லாத்தையும் குடுத்தேன். ஒரு வேள விடல."

ஸ்ரீவத்ஸனுக்கு அப்போதுதான் உறைத்தது.  முன்னாடியா பின்னாடியா என்று அவள் கேட்டதும், தான் சொன்ன பதிலும், காதில் அப்போது ஓடிய பாடத்தின் தலைப்பும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. தப்பு உங்கள்மேல் இல்லை, என்மேல்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒவ்வொருத்தர் உடம்புக்கும் மெட்டபாலிசம்னு ஒண்ணு இருக்கும்மா. இவ உடம்பு அப்படி."

"அவ ஒடம்பு சின்னதுலேர்ந்தே அப்படித்தாங்க டாக்டர்," என்று ஒத்துக்கொண்டாள் அமிர்தம். வெட்கங்கெட்ட மனிதருக்கு அதைக் கேட்டு மூச்சு சீரானது.

அறிக்கைக்குக் கெடு இருந்தது. பொய் ஒரு வரிகூட எழுதவில்லை, அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். ஆறு வாரத்தில் நான்கு கிலோ உடல் எடை கூடியது என்று எழுதினார். நோக்கம் என்ற இடத்தில் 'வலிமை அதிகரிப்பு' என்று போட்டார். எடை வரம்பு என்று ஒன்று இருந்ததை மறந்துவிட்டார். வாராந்தரத் தொலைபேசி உரையாடல்களைத் தேதிவாரியாகச் சேர்த்தார். கழகம் மகிழ்ந்துபோய் ஐந்து புள்ளியையும் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. வீரரோடு இவ்வளவு நெருக்கமான தொடர்பை நாங்கள் எங்கும் கண்டதில்லை என்று பாராட்டி, அடுத்துப் படிக்க வருகிறவர்களுக்குக் 'கேட்கும் கலை' பாடத்தை அவரே நேரலையில் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

"அந்தப் பூதலூர்ப் பொண்ணு செலக்ட் ஆனாளா?" என்று சாப்பிடும்போது கேட்டாள் மதுவந்தி.

"இல்லே. சில டெக்னிக்கல் காரணம்."

"அந்தக் காரணத்துக்கு ஒரு பேர் இருக்குமே. பின்னாடி நெறைய எழுத்தோட," என்று சொல்லி ரசத்தை ஊற்றினாள். அவர் குனிந்து சாப்பிட்டார்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை நேரலை நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் பயிற்சியாளர்களும் பிசியோக்களும் உணவு ஆலோசகர்களும் கூடியிருந்தார்கள். அதில் பாதிப்பேர் எங்கேயோ ஒரு முழங்காலுக்கு மின்சாரம் வைத்துவிட்டுத்தான் கேட்டிருப்பார்கள். ஸ்ரீவத்ஸன் ஊதித் தள்ளினார். நாம் பேசுவதைக் குறைக்க வேண்டும், வீரரின் மௌனத்தையும் கேட்க வேண்டும் என்றார். நடுவில் மேசைமேல் போன் துடித்தது. அமிர்தம் என்று பெயர் வந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்தார். மறுபடியும் துடித்தது. மௌனத்தைக் கேட்பதைப் பற்றி இன்னும் சற்றுக் குரலை உயர்த்திப் பேசினார்.

முடிந்து, பாராட்டுகளை எல்லாம் ஒருமுறை படித்துச் சுவைத்தபின், நிதானமாகத் திருப்பி அழைத்தார்.

"சொல்லுங்க சார். குந்தவை பேசுறேன்."

கனமான, அமைதியான குரல். தவறான எண்ணோ என்று ஒரு கணம் தடுமாறினார். அந்தக் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை.

"அம்மா உளுந்து எடுக்கப் போயிருக்காங்க. சார்ட்ட நிறுத்தலாமான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. டாக்டர் சொல்லாம மருந்த நிறுத்தக் கூடாதுன்னு இன்னும் குடுத்துக்கிட்டுதான் இருக்காங்க."

"இன்னுமா?"

"ஆமா சார். ஆனா நான் இப்ப சோறு சாப்புடுறதில்ல. செலக்ஷன் அன்னைலேர்ந்து எறங்க மாட்டேங்குது. சார்ட்டுல இருக்குறது மட்டுந்தான். நேத்து கோச் கொள்முதல் தராசுல ஏத்திப் பாத்தாரு. அறுபத்து நாலு. பிராக்டிஸ்ல கடைசிவரைக்கும் மூச்சு வாங்கல."

ஸ்ரீவத்ஸன் போனை மறு காதுக்கு மாற்றினார். "அது… அப்படித்தாம்மா சாப்பிட்டிருக்கணும். சோத்துக்குப் பதிலா. கூட இல்லே," என்றார்.



"அதத்தான் சார் நான் அன்னைக்கு உங்ககிட்ட கேக்க வந்தேன். பதிலாவா, கூடவான்னு. நீங்க கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டீங்க. அப்புறம் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்ணுனீங்கள்ல, நான் அம்மா பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன். போன அவகிட்ட குடுங்கன்னு ஒரு தடவையாச்சும் சொல்லுவீங்கன்னு பாப்பேன்."

"குந்தவை, நான் வந்து…"

"அம்மாகிட்ட நீங்க நிறுத்தச் சொல்லிட்டீங்கன்னு நானே சொல்லிக்கிறேன் சார். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்று வைத்துவிட்டாள்.

ஸ்ரீவத்ஸன் அதற்கப்புறமும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.